கூடிக் கலைதலும் கூடிச் செய்தலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கம்பனையும் இளங்கோவையும் துறைபோகக் கற்ற பெரியோர்கள் நம்மிடையே இருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்த எங்களைப் போன்றோரை இம்மேடையில் ஏற்றியது காரியதரிசி அவர்களின் துணிச்சல் என்றே சொல்ல வேண்டும். இலக்கியம் பேசுக என்று பணித்திருந்தால் ஏதேனும் காரணம் சொல்லித் தப்பியிருப்போம். அவர் அளித்த தலைப்போ 'அரசாங்க மாநாடுகள்: அன்றும் இன்றும்' என்பது. கேட்டதும் சற்றே தைரியம் பிறந்தது. மாநாட்டு மண்டபங்களின் முன்வாசல் வழியாக நாங்கள் அழைக்கப்பட்டுச் சென்றதில்லை. ஆனால் பின்வாசல் வழியாகக் கோப்புகளையும் பெயர்ப்பலகைகளையும் சுமந்துகொண்டு எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ட அந்தப் பின்வாசல் காட்சியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இங்கே கூடியுள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை ரயில்வேயிலோ மத்திய அரசாங்கத்தின் பிற இலாகாக்களிலோ பணிபுரிவோரின் குடும்பங்கள். "நாளை மாநாடு, வர நேரமாகும்" என்று சொல்லிச் சென்றவரை எதிர்பார்த்து, சோற்றை மூடி வைத்துவிட்டு இரவு பத்து மணி வரை காத்திருந்த தாய்மார்கள் இங்கே பலர் உண்டு. அந்த மாநாட்டில் அப்படி என்னதான் நடக்கிறது என்று அவர்கள் கேட்பது நியாயமே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மாநாடு இரண்டு நாள் நடக்குமானால், குமாஸ்தாவுக்கு அது இரண்டு மாதம் நடக்கிறது. விவாதிக்க வேண்டிய பொருள்களை அனுப்புமாறு எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை போகும். குறித்த தேதிக்குள் பதில் வருவது அபூர்வம். நினைவூட்டுக் கடிதம் போகும். பிறகு தொலைபேசியில் கெஞ்சல். வந்த பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பின்னணிக் குறிப்பு எழுதி, மேலிடத்து ஒப்புதல் பெற்று நிகழ்ச்சி நிரலை அச்சுக்கு அனுப்பிய மறுநாள் ஓர் உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போவார். பெயர்களை மீண்டும் திருத்த வேண்டும். மேசையில் வைக்கும் பெயர்ப்பலகைகளைப் பதவி மூப்பின்படி அடுக்குவது தனிச் சாஸ்திரம். இரண்டு பலகைகள் இடம் மாறினால் அதற்கு விளக்கம் எழுத நேரிடும். வாகன அனுமதிச் சீட்டு, தங்கும் அறை, மரக்கறி உண்போர் எத்தனை பேர், சர்க்கரையில்லாத தேநீர் எத்தனை கோப்பை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு.

மாநாடு நடக்கும்போது நாங்கள் பின்வரிசைச் சுவரோரம் நிற்போம். உத்தியோகஸ்தர் சட்டென்று திரும்பி ஒரு புள்ளிவிவரம் கேட்டால் எடுத்துக் கொடுக்க, தடித்த கோப்பின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே காத்திருப்போம். எல்லாரும் கை குலுக்கிப் பிரிந்த பிறகு எங்கள் இரண்டாம் பகுதி தொடங்கும். நடவடிக்கைக் குறிப்பை எழுத வேண்டும். வரைவு மேலே போய்த் திருத்தங்களோடு கீழே வரும். பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்க்க வேண்டும். இந்த நடவடிக்கைக் குறிப்பு என்னும் சில தாள்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இன்றைய பேச்சு முடிவில் அங்கேதான் வந்து நிற்கும்.

இனி, மாநாடுகள் எவ்வாறு மாறி வந்திருக்கின்றன என்று பார்ப்போம். தலைநகரில் வாழும் நமக்கு முதலில் கண்ணில் படுவது கட்டிடங்கள்தாம். 1956-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஒன்பதாவது பொதுமாநாடு தில்லியில் கூடிற்று. அதனையொட்டி எழுந்ததே விஞ்ஞான் பவன். அஜந்தாக் குகைகளை நினைவூட்டும் அதன் வாயில் வளைவை நம் குழந்தைகள் பேருந்திலிருந்தே பார்த்திருப்பார்கள். பல்லாண்டுகள் வரை அரசாங்கத்தின் பெரிய மாநாடு என்றாலே விஞ்ஞான் பவன் என்றுதான் பொருள். பிறகு 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாவையொட்டி ஆசியக் கண்காட்சி நடந்தபோது பிரகதி மைதானம் தோன்றியது. அங்கே புகழுடன் விளங்கிய பழைய கூடங்கள் 2017-இல் இடிக்கப்பட்டன. அவ்வளாகத்திலேயே பாரத் மண்டபம் 2023 ஜூலை 26-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9, 10 தேதிகளில் 20 நாடுகள் குழுவின் உச்சிமாநாடு அங்கே கூடியபோது தில்லி நகரமே மூன்று நாள் வாயடைத்திருந்ததை நாம் கண்டோம். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17-ஆம் நாள், துவாரகையில் யசோபூமி திறக்கப்பட்டது. அதன் பெரிய அரங்கில் மட்டும் சுமார் 6,000 பேர் அமரலாம். விமான நிலைய மெட்ரோ வழி அன்றே அதன் வாயில் வரை நீட்டப்பட்டது. முன்பெல்லாம் மாநாட்டைத் தீர்மானித்துவிட்டு மண்டபத்தைத் தேடுவோம். இப்போது மண்டபங்கள் தயாராக நின்று மாநாடுகளை எதிர்பார்க்கின்றன.

இரண்டாவது மாற்றம், மாநாடுகள் தில்லியை விட்டுப் பயணம் புறப்பட்டது. மின்னாளுகைக்கான தேசிய மாநாடு 1997 முதல் நடந்து வருவது. மாநில அரசாங்கங்களின் துணையோடு அது ஊர் ஊராகச் செல்கிறது. 2023-இல் இந்தூரிலும் 2024-இல் மும்பையிலும் கூடிற்று. காவல்துறைத் தலைவர்களின் ஆண்டு மாநாடு தில்லியிலேயே நடந்து வந்தது. அதை 2014-இல் குவாஹாட்டிக்கும், 2015-இல் கச்சுப் பகுதியின் உப்புப் பாலைக்கும், 2016-இல் ஹைதராபாத்துக்கும் கொண்டு சென்றார்கள். மாநிலத் தலைமைச் செயலாளர்களின் முதல் தேசிய மாநாடு 2022 ஜூனில் தரம்சாலாவில் நடந்தது. இதனை நாங்கள் மனமார வரவேற்கிறோம். தில்லியிலிருந்து பார்த்தால் தேசம் ஒரு வரைபடம். நேரில் சென்று பார்த்தால்தான் அது மனிதர்கள் வாழும் இடம். ரயில்வேக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது மாற்றம் எதிர்த் திசையில் நிகழ்ந்தது. பயணமே இல்லாமல் கூடும் முறை அது. 2015 மார்ச் 25-ஆம் நாள் 'பிரகதி' என்னும் ஏற்பாடு தொடங்கியது. பிரதமர் தில்லியில் அமர்ந்தபடி, இலாகாச் செயலாளர்களோடும் மாநிலத் தலைமைச் செயலாளர்களோடும் காணொளி வாயிலாகப் பேசி, தேங்கிக் கிடக்கும் திட்டங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கும் முறை இது. ரயில் பாதைத் திட்டங்கள் இவ்விசாரணையில் அடிக்கடி இடம்பெறுவதால், அந்த நாள் நெருங்கும்போது எங்கள் மேசைகளில் கோப்புகள் ஓடும் வேகமே வேறு. பின்னர் 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நாடு அடைபட்டபோது எல்லாக் கூட்டங்களும் திரைக்குள் புகுந்தன. தொற்று தணிந்த பிறகும் அவற்றுட் பல வெளியே வரவில்லை.

இதில் நன்மை பெரிது. ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக இரண்டு இரவு வண்டியில் வந்து போன உத்தியோகஸ்தருக்கு அந்த அலைச்சல் இல்லை, பயணப்படியும் மிச்சம். நஷ்டமும் உண்டு. மாநாட்டில் மேடையில் தீராத சிக்கல் தேநீர் வேளையில் தீர்வதை நாங்கள் பல முறை கண்டிருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் இரண்டு அலுவலகங்கள் கடிதத்தில் சண்டையிட்டுக் கொண்டிருக்கும். அவற்றின் உத்தியோகஸ்தர்கள் இருவரும் பிஸ்கட் தட்டின் அருகே சந்தித்து, "அட, அது உங்கள் கோப்பா? நாளை அனுப்பிவிடுகிறேன்" என்பார்கள். திரையில் பிஸ்கட் தட்டு இல்லை. ஒலிவாங்கியை மூடி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பவரும், திறந்திருப்பதை மறந்து வீட்டுக் கதை பேசுபவரும் உண்டு.

நான்காவது மாற்றத்தைச் சற்றே கவனத்தோடு சொல்ல வேண்டும். முன்பு அரசாங்க மாநாட்டை அரசாங்கமே நடத்தும். இப்போது அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்காகத் தனியார் நடத்தும் மாநாடுகளும், கண்காட்சிகளும், பரிசளிப்பு விழாக்களும் பெருகிவிட்டன. கண்காட்சி தவறென்று சொல்ல வரவில்லை. தொழில் கூட்டமைப்பும் ரயில்வேயும் சேர்ந்து 1990 முதல் நடத்திவரும் சர்வதேச ரயில் சாதனக் கண்காட்சி 2025 அக்டோபரில் பாரத் மண்டபத்தில் பதினாறாவது முறையாக நடந்தது. புதிய சமிக்ஞைக் கருவியையும் பெட்டியின் அடிச்சட்டத்தையும் நம் இளம் பொறியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்து அறிய அது போன்ற வாய்ப்பு வேறு இல்லை. ஆனால் பொருளை விற்பவர் பந்தல் போட, அப்பொருளை வாங்கும் தீர்மானத்தில் கையொப்பமிடுபவர் அப்பந்தலில் மாலையும் கேடயமும் பெறுவாரானால், பார்க்கிறவர் மனத்தில் ஐயம் எழாமல் இருக்குமா? 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசாங்க ஊழியர் நடத்தை விதிகளிலேயே இதற்குக் கட்டு உண்டு. முன் அனுமதியின்றிப் பாராட்டு விழாவை ஏற்கக் கூடாது. தனியார் அளிக்கும் விருதுகளைப் பற்றி 2023 ஜூனில் மீண்டும் ஓர் உத்தரவு வந்தது. முன் அனுமதி வேண்டும், விருதோடு பணம் இருக்கக் கூடாது என்று அது வலியுறுத்தியது. செலவு பற்றியும் அவ்வாறே. ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் மாநாடு நடத்தலாகாது என்று நிதி அமைச்சகம் 2013-இலும் 2014-இலும் சிக்கன ஆணைகள் பிறப்பித்தது. ஓர் ஆணையை அடுத்த ஆண்டே மீண்டும் எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து, பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மண்டபம் பெரிதாயிற்று, ஊர் மாறிற்று, திரை வந்தது, விருது பெருகிற்று. இவை யாவும் கூடுவதில் வந்த மாறுதல்கள். கூடியதால் என்ன விளைந்தது என்பதல்லவா கேள்வி?

நாங்கள் அறிந்த இரண்டு உதாரணங்களைச் சொல்கிறோம். முதலாவது ரயில்வேயின் கதை. ஆங்கிலேயர் காலத்தில் இந்நாட்டில் ரயில்கள் பல கம்பெனிகளின் கையில் இருந்தன. ஒரு கம்பெனியின் சரக்கு வாகன் இன்னொரு கம்பெனியின் பாதையில் ஓடினால் வாடகை யாருக்கு? வழியில் அச்சு முறிந்தால் பழுது யார் செலவு? தாமதமாகத் திருப்பினால் தண்டம் எவ்வளவு? இதற்கெல்லாம் விடை காண அக்கம்பெனிகள் கூடிப் பேசின. அவ்வாறு கூடியதன் விளைவாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ரயில்வே மாநாட்டுச் சங்கம் என்ற அமைப்பே உருவாகி, வாகன் பரிமாற்றத்துக்கும் கட்டணங்களுக்கும் பொது விதிகள் வகுத்தது. அந்த விதிகள் இல்லாவிடில், ஒரு கம்பெனியின் எல்லையில் மூட்டைகளை இறக்கி மறு கம்பெனியின் வாகனில் ஏற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். மாநாட்டில் பேசிய பேச்சை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எல்லையில் நில்லாமல் ஓடிய வாகனே அம்மாநாட்டின் சாட்சி.

இரண்டாவது உதாரணம் நம் ஒவ்வொருவர் அடுப்பங்கரையையும் சேர்ந்தது. 1957 ஜூலையில் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் பதினைந்தாவது கூட்டம் தில்லியில் நடந்தது. அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர்கள் என்ற மூன்று தரப்பாரும் சமமாக அமரும் சபை அது. குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று அங்கே ஒரு தீர்மானம் செய்தார்கள். உழைப்பவரின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ள வேண்டும், ஒவ்வோர் அலகுக்கும் நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனியே, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இப்படி அரிசியையும் பருப்பையும் துணியையும் முழம் போட்டு அளந்து எழுதிய தீர்மானம் அது. 1991-இல் உச்சநீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றையும் அதனோடு சேர்க்கச் சொன்னது. ஏழாவது சம்பளக் கமிஷன் 2015-இல் அறிக்கை தந்தபோது, அந்த 1957-ஆம் ஆண்டு அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டுதான் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 18,000 ரூபாய் என்று கணக்கிட்டது. 2016 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு பக்கம், 59 ஆண்டுகள் கழித்து நம் வீட்டுச் சம்பளக் கவரில் வந்து விழுந்தது! அந்தப் பக்கத்தில் 'தொழிலாளர் நலன் கருத்தில் கொள்ளப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தால் வந்து விழுந்திருக்குமா? 72 கஜம் என்று எண்ணாக எழுதியதால்தான் பின்வந்தவர் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்தது.

அந்தத் தொழிலாளர் மாநாட்டின் 46-ஆவது கூட்டம் 2015 ஜூலையில் விஞ்ஞான் பவனில் நடந்தது. அதற்குப் பின் பத்தாண்டு கடந்தும் 47-ஆவது கூட்டம் கூடாதிருந்தது. அதே பத்தாண்டில்தான் 6,000 பேர் அமரும் அரங்கும் எழுந்தது. இதை நாங்கள் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இருக்கைகளின் எண்ணிக்கை ஒன்று, அவற்றில் யார் அமர்கிறார் என்பது வேறொன்று என்பதை நினைவூட்டவே சொல்கிறோம்.

எங்கள் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதில் எங்கள் குறையும் இருக்கிறது. தில்லிக்கு வருமுன் வேறோர் ஊரில், ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். ரயில்வேயில் 1952 முதல் நிர்வாகமும் ஊழியர் சங்கமும் கூடிப் பேசும் நிலையான ஏற்பாடு உண்டு என்பதை அறிவீர்கள். அத்தகைய கூட்டமொன்றுக்கு ஒரு சிறு பொருள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு கடவுப் பாதை. அங்கே ஒரு கேட் காவலர். அவருடைய குடிசைக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும். அவ்வளவுதான். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதினோம். அடுத்த கூட்டத்துக்கும் அதே பொருள் வந்தது. பழைய குறிப்பை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி அதே வாக்கியத்தை எழுதினோம். மூன்றாம் முறையும் அவ்வாறே.

ஒரு நாள் அந்தக் காவலர் சம்பள விஷயமாக அலுவலகத்துக்கு வந்தார். வயதில் மூத்தவர். எங்கள் மேசையருகே தயங்கி நின்று, "பாபுஜி, பெரிய கூட்டம் நடந்ததாமே! என் குழாயைப் பற்றி என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டார். கோப்பைப் பிரித்து அந்த வாக்கியத்தை அவர் மொழியில் படித்துக் காட்டினோம். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் வந்துவிடும்" என்றார். எங்களுக்கோ தலை நிமிரவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பொருள் ஒன்றும் இல்லை என்பது எழுதிய எங்களுக்குத் தெரியும். கேட்ட அவருக்குத் தெரியாது. அவருடைய மனைவி இருப்புப்பாதையைக் கடந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருவதாக அன்றுதான் அறிந்தோம். கோப்பில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

சில மாதங்களில் புதிய உத்தியோகஸ்தர் ஒருவர் மாற்றலாகி வந்தார். அதிகம் பேசாதவர். அவர் செய்த சீர்திருத்தம் ஒன்றே ஒன்று. நடவடிக்கைக் குறிப்பின் வலப்புறத்தில் இரண்டு கட்டங்கள் போடச் சொன்னார். ஒன்றில் 'யார்' என்றும், மற்றொன்றில் 'எந்நாளுக்குள்' என்றும் தலைப்பு. இரண்டு கட்டமும் நிரம்பாத எந்தப் பொருளும் கூட்டத்தில் முடிந்ததாகக் கொள்ளப்படாது என்றார். கேட் காவலரின் குழாய்க்கு நேராக ஒரு பகுதிப் பொறியாளரின் பதவியும் ஒரு தேதியும் எழுதப்பட்டன. அந்தத் தேதிக்கு நான்கு நாள் தாமதமாகக் குழாய் வந்தது. நான்கு நாள் தாமதம் என்று கணக்குச் சொல்ல முடிந்ததே, அதற்கு முன் தேதி என்ற ஒன்று இருந்ததால்தான்.

அன்று முதல் எங்களுக்கு மாநாடுகளைப் பார்க்கும் பார்வையே மாறிற்று. மேடையின் அலங்காரத்தையோ மண்டபத்தின் உயரத்தையோ நாங்கள் பார்ப்பதில்லை. வலப்புறக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்கிறோம்.

இது புதிய ஞானமும் அன்று. நம் முன்னோர் அறிந்ததே. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்குப் புகழ்பெற்றவை. வாரியத்தில் அமர யாருக்குத் தகுதி உண்டு என்பதைப் போலவே, யாருக்கு இல்லை என்பதையும் அவை கூறுகின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் விட்டவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது! ஏரி வாரியத்தில் இருந்தவர், ஏரிக்கு என்ன செய்தார் என்று சொல்லியாக வேண்டும். வள்ளுவரும் அவையறிதல், அவையஞ்சாமை என்று அவைக்கு இரண்டு அதிகாரங்கள் வகுத்தவர், வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று வினைக்கு மூன்று அதிகாரங்கள் வகுத்தார். அவையைவிட வினைக்கு ஒன்று கூடுதலாகவே இருக்கிறது.

பெரியோர்களே, இதுவரை அரசாங்கத்தைப் பற்றிப் பேசினோம். பிறரைப் பற்றிப் பேசுவது சுலபம். இப்போது நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை.

இன்று இங்கே கூடியிருப்பதும் ஒரு மாநாடுதான். பந்தல் உண்டு, மேடை உண்டு, பெயர்ப்பலகை உண்டு, மாலையில் பொங்கலும் வடையும் உண்டு. ஆண்டுதோறும் நாம் தீர்மானங்களும் நிறைவேற்றுகிறோம். சென்ற வாரம் இந்தப் பேச்சுக்காகச் சங்கத்தின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினோம். 'நம் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்த ஆவன செய்யப்படும்' என்ற தீர்மானம் அதில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. மூன்று முறையும் கரகோஷம் செய்தோம். அதை எழுதிய கையெழுத்து யாருடையது என்று பார்த்தோம். எங்கள் கையெழுத்தே! கேட் காவலரின் குழாய்க்கு எழுதிய அதே வாக்கியத்தை, அதே கையால், நம் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்திருக்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றோம். விழுப்புரம் நிலையத்தில் வண்டி நின்றது. சன்னலோரம் அமர்ந்திருந்த நம் வீட்டுச் சிறுவன் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தான். மூன்று வரிகள். ஹிந்தியில் எழுதிய வரியைக் கடகடவென்று படித்தான். ஆங்கில வரியையும் படித்தான். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரியைக் காட்டி, "அப்பா, இது என்ன எழுத்து?" என்று கேட்டான். எதிர் இருக்கையில் இருந்த ஒரு முதியவர் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ரயில்வேயில் இருபது ஆண்டு உழைத்து, எத்தனையோ நிலையங்களின் பெயரைக் கோப்புகளில் எழுதிய கை இது. தன் பிள்ளைக்கு ஒரு நிலையத்தின் பெயரைப் படிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. இதற்கு அரசாங்கத்தையோ பள்ளிக்கூடத்தையோ குறை சொல்ல வழியில்லை. இந்தக் காலனியில் எத்தனை வீடுகளில் இதே கேள்வி கேட்கப்பட்டிருக்கும் என்று அவரவர் மனத்துக்குத் தெரியும்.

ஆகையால் இவ்வாண்டு அத்தீர்மானத்தை நான்காம் முறையாக நிறைவேற்ற வேண்டாம் என்று காரியதரிசி அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். கரகோஷமும் வேண்டாம். குறிப்பேட்டின் வலப்புறத்தில் இரண்டு கட்டங்கள் போடுவோம். 'யார்' என்ற கட்டத்தில் முதலாவதாக எங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பிழையின்றி எழுதவும் சொல்லித் தரப் பத்தாம் வகுப்புத் தமிழ் போதும். அதற்கு மேல் இலக்கியம் சொல்லித்தரக் கற்றறிந்த பெரியோர் இருவர் தம் பெயரைக் கீழே எழுத வேண்டும். 'எந்நாளுக்குள்' என்ற கட்டத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி என்று எழுதுங்கள். இடம், இந்த மண்டபத்தின் பின்புற அறை. அங்கே நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. சனிக்கிழமை மாலை நான்கு இளைஞர்கள் வந்தால் ஒதுக்கிவிடலாம். கரும்பலகை ஒன்று மட்டும் வேண்டும். யாரேனும் மனமுவந்து வாங்கித் தந்தால் நன்றி உடையோம்.

அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் எங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். சொற்பொழிவு செய்ய மாட்டோம். எத்தனை ஞாயிறு வகுப்பு நடந்தது, எத்தனை ஞாயிறு நடக்கவில்லை, எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று கணக்கு மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். கணக்குச் சொல்ல நாங்கள் வராமற்போனால், உத்திரமேரூர்ப் பெரியோர் விதித்தபடி எங்கள் பெயரை இச்சங்கத்தின் எந்தக் குடத்திலும் இட வேண்டாம்.